சக்திவாய்ந்த எஸ்டேட் காரில் பின் டயர் எவ்வளவு தூரம் வரும்: நீங்களே கணக்குப் போடும் வழி

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் வந்திருப்பீர்கள். 450 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் எஸ்டேட் காரில் (கூரை பின்கதவு வரை நீண்டு, பின்னால் சாமானுக்குப் பெரிய இடம் உள்ள கார்) நல்ல கோடைக்கால டயர் போட்டு, சாதாரணமாக ஓட்டினால் பின் ஜோடி 12,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரும். பெரும்பாலும் நெடுஞ்சாலை, காலும் நிதானம் என்றால் 25,000 தாண்டியும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சிக்னலிலும் அழுத்திக் கிளம்புகிறவருக்கு 7,000, 8,000-இலேயே முடிந்துவிடும். ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோனால் ஒரே நாளில்கூட முடியலாம். நான்கு சக்கரமும் இழுக்கும் காருக்கு இதில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நிறையக் கூட்ட வேண்டாம்.

சரி, இந்த எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உண்மையில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு வேலை வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வது. ஒரே மாடல் கார், ஒரே டயர், ஒரே அளவு. ஒருவருக்கு 9,000 வருகிறது, இன்னொருவருக்கு 20,000 வருகிறது. இதை அடிக்கடி பார்க்கிறேன். டயர் சரியில்லை என்று கோபத்தோடு வருகிறவர்களின் காரில் டயர் மேல் குற்றம் இருப்பது அபூர்வம். சக்கரத்தின் கோணம், காற்று, வலது கால், இந்த மூன்றில் ஒன்றில்தான் விஷயம் இருக்கும். உங்கள் காரில், உங்கள் ஓட்டத்தில் எத்தனை கிலோமீட்டர் வரும் என்பதை ஆழம் அளக்கும் ஒரு சின்ன கேஜ் வைத்து நீங்களே கண்டுபிடிக்கலாம். அதை எங்கே வைத்து அளக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பின் டயரின் உள் ஓரத்தில் அளக்க வேண்டும். கிட்டத்தட்ட யாருமே அங்கே பார்ப்பதில்லை.

பின் டயர் ஏன் முதலில் போகிறது

என்னிடம் இருப்பது பழைய மெர்சிடீஸ் ஏஎம்ஜி சி63 எஸ்டேட். 6.2 லிட்டர் வி8, 457 குதிரைத்திறன், 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அவ்வளவும் இரண்டு 255 மில்லிமீட்டர் அகல டயர்கள் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு டயரும் எந்த நேரத்திலும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் ஒரு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

ரப்பர் விசையைக் கடத்த வேண்டுமென்றால் கொஞ்சமாவது வழுக்கியே ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத, சத்தம் கேட்காத வழுக்கல் அது. விசை கூடக்கூட வழுக்கல் கூடும். விசை இரண்டு மடங்கானால் தேய்மானம் இரண்டு மடங்கோடு நிற்காது, அதற்கும் மேலே போய்விடும். அதனால்தான் 200 குதிரைத்திறன் காரில் 40,000 கிலோமீட்டர் ஓடிய டயரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கார்களின் கணக்கு அதிர்ச்சியாக இருக்கிறது.

எஸ்டேட் என்பதால் சேர்கிற சுமை தனி. நீண்ட கூரை, பின் கண்ணாடி, கனமான பின் கதவு எல்லாம் பின் அச்சின் மேலோ அதற்குப் பின்னாலோதான் இருக்கின்றன. பொருள் ஏற்றுவதும் அங்கேதான். வண்டி கட்டி இழுப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கொக்கி பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் நெம்புகோல் மாதிரி வேலை செய்கிறது. கொக்கியில் 80 கிலோ அழுத்தினால் பின் அச்சில் ஏறுவது 80-க்கும் மேல்.

பல பெரிய எஸ்டேட்களில் பின்னால் ஏர் சஸ்பென்ஷன் இருக்கும். எவ்வளவு ஏற்றினாலும் கார் தானாக நிமிர்ந்துகொள்ளும். நல்ல வசதிதான். ஆனால் கார் பின்னால் அமுங்குவதே தெரியாததால், சுமைக்கேற்ற காற்று அடிக்க வேண்டும் என்பது ஓட்டுகிறவருக்குத் தோன்றுவதே இல்லை. குறைந்த காற்றோடு, நிறைந்த சுமையோடு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடுகிறார்கள். டயர் ஓரங்கள் அதைச் சொல்லும்.

புதிய கார்களில் எடையே பெரிய பிரச்சினை. இப்போதைய பிஎம்டபிள்யூ எம்5 டூரிங் 727 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர், எடை இரண்டரை டன் பக்கம். மின்மோட்டார் இருப்பதால் விசை காத்திருக்காமல் உடனே வந்து இறங்குகிறது. அந்த டயர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும்.

எப்படி அளப்பது

ட்ரெட் ஆழம், அதாவது டயரின் மேல் உள்ள கோடுகளின் ஆழம் பார்க்கும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டிஜிட்டல்தான் வேண்டும் என்றில்லை. ஒரே கேஜையே எப்போதும் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு பின் டயரிலும் மூன்று இடம்: உள் ஓரத்துக் கோடு, நடுக் கோடு, வெளி ஓரத்துக் கோடு. கேஜின் முனை தேய்மானக் குறி மேடையின் (டயர் தேய்ந்ததைக் காட்டக் கோட்டுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் மேடு) மேல் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆழம் குறைவாகக் காட்டும். எழுதி வையுங்கள், பக்கத்தில் ஓடிய கிலோமீட்டரையும் எழுதுங்கள்.

முன் டயர் என்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உள் ஓரம் தெரிந்துவிடும். பின் சக்கரம் திரும்பாது. அதனால் காருக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் போன் கேமராவை டயருக்குப் பின்னால் நீட்டிப் படம் எடுங்கள், ஃபிளாஷ் போட்டு. நான் வாடிக்கையாளர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், மாதம் ஒரு படம். ஜாக்கியில் மட்டும் நிற்கிற காருக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. உள் ஓரத்தை வெறும் கையால் தடவிப் பார்க்கவும் வேண்டாம். கம்பி வெளியே வந்திருந்தால் விரலைக் கிழித்துவிடும். முதலில் பாருங்கள், அப்புறம் தொடுங்கள்.

இப்போது கணக்கு. இந்த வகைக் கோடை டயர் புதிதாக இருக்கும்போது ஆழம் பெரும்பாலும் 7 முதல் 8 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்களுடையது 7.5 என்று வைத்துக்கொள்வோம். 4,000 கிலோமீட்டர் கழித்து உள் ஓரத்தில் 6.3 காட்டுகிறது. 1.2 போயிருக்கிறது, அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு 0.3. நீங்கள் 3 மில்லிமீட்டரில் மாற்றப் போகிறீர்கள் என்றால் மீதி 3.3 இருக்கிறது. இன்னும் 11,000 கிலோமீட்டர். மொத்தம் 15,000.

எப்போதும் மூன்று இடத்தில் மிகக் குறைவான எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், சராசரியை வைத்து அல்ல. இன்னொன்று, புது டயரின் பட்டன்கள் (கோடுகளுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டிகள்) உயரமாக இருப்பதால் அதிகம் நெளியும், ஆரம்பத்தில் கொஞ்சம் வேகமாகவே தேயும். அதனால் முதல் அளவை மட்டும் பார்த்துப் பயந்துவிடாமல், இரண்டாவது, மூன்றாவது அளவு வரும்வரை பொறுங்கள்.

அந்தத் தேய்மானக் குறி மேடைகளை நம்பி இருக்காதீர்கள். 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் அவை டயரின் முக்கியக் கோடுகளுக்குள் மட்டுமே உள்ளன. உள் தோளில், அதாவது டயர் பக்கச் சுவரை நோக்கி வளையும் உள் ஓரத்தில், அவை இல்லை. நடுவில் 4 மில்லிமீட்டர் இருக்க, உள் தோளில் நூல் தெரிகிற டயர்களை நான் கழற்றியிருக்கிறேன். வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரி இருக்கும். அதே காரில் குடும்பத்தையே உட்கார வைத்து நெடுஞ்சாலையில் வந்திருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும்.

தேய்ந்த விதம் என்ன சொல்கிறது

நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் என்றால் கோணம்.

இந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின் சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும்படிதான் இந்தக் கார்களை வடிவமைக்கிறார்கள். இது நெகட்டிவ் கேம்பர். வளைவில் பிடிப்புக்காக ஒன்றரை, இரண்டு டிகிரி வரை வைப்பது உண்டு. ஆகவே உள் ஓரம் கொஞ்சம் அதிகம் தேய்வது இயல்பு. காரைத் தாழ்த்தினால், அல்லது சாதாரண ஸ்பிரிங் உள்ள எஸ்டேட்டில் எப்போதும் சுமை ஏற்றி வைத்தால், சாய்வு இன்னும் கூடும்.

ஆனால் டயரைத் தின்பது கேம்பரைவிட டோ. மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேரே முன்னோக்கிப் பார்க்கிறதா, உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கிறதா என்பதுதான் டோ. ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே வருகிறது. 10,000 கிலோமீட்டருக்கு அது 87 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் டயரைக் குறுக்காகத் தேய்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கேம்பர் எல்லா எடையையும் உள் ஓரத்தில் வைக்கிறது, டோ அந்த ஓரத்தைத் தரையில் அரைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த 7,000 கிலோமீட்டர் டயர்.

டோ தவறா என்று கையாலேயே பார்க்கலாம். கம்பி எதுவும் வெளியே தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பட்டன்களின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை மெதுவாக நகர்த்துங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல் போலவும் இருந்தால் அலைன்மென்டுக்குப் போங்கள்.

போகும்போது சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். நான்கு சக்கரமும் அளக்க வேண்டும், முன்னால் மட்டும் அல்ல. முன்பு இருந்த அளவு, பின்பு வைத்த அளவு, இரண்டும் உள்ள தாளைக் கையில் வாங்குங்கள். வழக்கமாகப் பின்னால் ஏதாவது சுமை வைத்திருப்பீர்கள் என்றால் அதே சுமையோடு போங்கள். ஏர் சஸ்பென்ஷன் காரில் முதலில் உயரம் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். உயர சென்சார் தவறாகக் காட்டி கார் 15 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றால், அதன் மேல் எவ்வளவு அழகாக அலைன்மென்ட் செய்தாலும் வீண். அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறது, பச்சை காட்டுகிறது என்று விட்டுவிடவும் கூடாது. பின் டோவை எல்லையின் நடுவில், இடமும் வலமும் சமமாக வைத்துத் தரச் சொல்லுங்கள். டயர் வேகமாகப் போகிறது என்றால் கேம்பரை எல்லைக்குள்ளேயே குறைந்த பக்கமாக வைக்கலாம். வளைவில் கொஞ்சம் பிடிப்பு குறையும். குடும்பக் காருக்கு நான் தயங்காமல் அதைத்தான் செய்வேன்.

பழைய காரில் புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர்) தளர்ந்திருந்தால் அலைன்மென்ட் மேடையில் நிற்கும்போது கோணம் சரியாக இருக்கும், அழுத்தி ஓட்டும்போது சக்கரம் திரும்பிக்கொள்ளும். அலைன்மென்ட் செய்தும் உள் ஓரம் தேய்கிறது என்றால் பின் சஸ்பென்ஷன் புஷ்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காற்று

கதவுத் தூணிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இரண்டு வரிசை: குறைந்த சுமைக்கு, முழுச் சுமைக்கு. எஸ்டேட்டில் பின் டயருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே நல்ல வித்தியாசம் இருக்கும். ஊருக்குக் கிளம்பும்போது ஏற்றுங்கள், திரும்பி வந்ததும் இறக்குங்கள். சோம்பல்படாமல் செய்ய வேண்டிய வேலை இது.

டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். பருவம் மாறும்போது அதனால்தான் காற்று குறைந்திருக்கிறது. டேஷ்போர்டு விளக்கு எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு காற்று போன பிறகுதான் எரியும்.

வலது கால்

இதில் யாருக்கும் உபதேசம் செய்ய எனக்கு விருப்பம் இல்லை. வி8 வாங்கியதே அந்த உறுமலுக்காகத்தானே. ஆனால் எந்த அழுத்தல் டயரைத் தின்கிறது, எது தின்பதில்லை என்று தெரிந்துகொண்டால் இன்பத்தை விடாமலே டயரைக் காப்பாற்றலாம்.

முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும்தான் சக்கரத்துக்கு வரும் முறுக்குவிசை மிக அதிகம். நின்ற இடத்திலிருந்து எழுவதும், ரவுண்டானாவிலிருந்து ஸ்டீயரிங் இன்னும் திரும்பியிருக்கும்போதே அழுத்துவதும்தான் மிக மோசம். அங்கே டயர் பக்கவாட்டிலும் நேராகவும் ஒரே நேரத்தில் இழுபடுகிறது. ஸ்டீயரிங் நேரான பிறகு, மூன்றாம் கியரில், அதே அளவு அழுத்துங்கள். சத்தம் அதே சத்தம், தேய்மானம் அதில் கொஞ்சம்தான்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் வசதி) விளக்கு மினுக்கினால், அந்த நொடியில் ரப்பர் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வாரம் அந்த விளக்கு மினுக்காமல் ஓட்டிப் பாருங்கள். கோடை டயர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். அப்படிப்பட்ட குளிர்காலக் காலைகளில் முதல் சில கிலோமீட்டர் மென்மையாகப் போங்கள். புது டயர் போட்டதும் முதல் 300 கிலோமீட்டர் வரையும் அப்படித்தான்.

நான்கு சக்கரமும் இழுக்கும் கார்கள்

ஆடி ஆர்எஸ்6 அவாந்த், பிஎம்டபிள்யூ எம்3 டூரிங் மாதிரியானவை. இரண்டுமே விசையைப் பின்னால்தான் அதிகம் அனுப்புகின்றன. இப்போதைய ஆர்எஸ்6-இல் சாதாரண நிலையில் முன்னே 40, பின்னே 60 விழுக்காடு, தேவைப்பட்டால் பின்னே 85 வரை. ஆகவே இங்கும் பின் ஜோடிதான் முதலில் போகும்.

ஆர்எஸ்6-இல் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு டயர். அதனால் 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் போடலாம், கண்டிப்பாகப் போடுங்கள். எம்3 டூரிங்கில் முன்னே 275/35 ஆர்19, பின்னே 285/30 ஆர்20 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை விழுக்காடு என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம் விட்டம்). ரிம்மே வேறு, மாற்றவே முடியாது.

இடதை வலதுக்கு மாற்றினால் உள் ஓரத் தேய்மானம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆகாது. உட்புறம், வெளிப்புறம் என்று எழுதிய டயரில் உள் ஓரம் எந்தப் பக்கம் போனாலும் உள் ஓரமாகவே இருக்கும். சுழலும் திசை அம்புக்குறி மட்டும் உள்ள டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கம் மாட்டினால் உள் ஓரம் வெளியே வரும். ஆனால் இந்தக் கார்களுக்கு வரும் டயர்களில் பெரும்பாலானவை முதல் வகை.

நான்கு சக்கர இயக்கத்தில் முன்பின் டயர்களுக்கு இடையே ஆழ வித்தியாசம் அதிகமாகக் கூடாது. 285/30 ஆர்22 டயரின் விட்டம் சுமார் 730 மில்லிமீட்டர். பின்னது 4 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டால் முன்னதைவிடக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து சுற்று அதிகம் சுற்ற வேண்டும். அந்த வித்தியாசம் முழுவதையும் முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துத் தரும், நடுவில் இருக்கும் கிளட்ச் அல்லது டிஃபரன்ஷியல் ஓயாமல் தாங்குகிறது. உங்கள் காருக்கு எத்தனை மில்லிமீட்டர் வரை அனுமதி என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஒரு பின் டயர் மட்டும் பஞ்சராகிப் போனாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

எப்போது மாற்றுவது, எதை வாங்குவது

பல நாடுகளில் சட்டம் சொல்வது 1.6 மில்லிமீட்டர். நான் 3-இல் மாற்றிவிடுவேன். அகலமான டயர் தண்ணீரின் மேல் சீக்கிரம் மிதக்கும். 285 அகலத்தில் 2 மில்லிமீட்டர் ஆழத்தோடு, 500 குதிரைத்திறனோடு மழையில் நெடுஞ்சாலையில் போவது எனக்குப் பயம். பின்பக்கம் மிதந்தால் திருத்த நேரமே இருக்காது. மழையே இல்லாத பருவம் என்றால் 2 வரை இழுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

டயர் பக்கச் சுவரில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ்-இல் அது 300, டிராக்குக்கான பைலட் ஸ்போர்ட் கப் 2-இல் 180. எண் பெரிதாக இருந்தால் அதிகம் உழைக்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இது உதவும். நிறுவனங்களே சோதித்துத் தாங்களே போடும் எண் என்பதால், வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிடும்போது இதை முழுதாக நம்ப மாட்டேன். காரில் வந்த டயரில் நட்சத்திரம், எம்ஓ1, ஆர்ஓ1 போன்ற கார் நிறுவனக் குறி இருந்தால், நான்கு சக்கர இயக்கக் காருக்கு அதே குறி உள்ளதையே வாங்குங்கள். சுமை எண்ணைக் குறைத்து வாங்கவே வாங்காதீர்கள், எஸ்டேட்டுக்கு அது உயிர்ப் பிரச்சினை. 101 என்றால் ஒரு டயருக்கு 825 கிலோ, 98 என்றால் 750.

வாரக் கடைசியில் மட்டும் எடுக்கும் காராக இருந்தால் வயதைப் பாருங்கள். டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கம்தான் பிறந்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வயதுக்கு மேல் போனால் ஆழம் எவ்வளவு இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை டயர் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். பத்தாவது வயதில் கழற்றிவிடுங்கள்.

இந்த அளவுகள் எல்லா இடத்திலும் கையிருப்பில் இருப்பதில்லை. உள் ஓரம் 4 மில்லிமீட்டருக்கு வந்ததும் டயர் கடையில் சொல்லி வையுங்கள். உங்கள் கணக்குப்படி மீதி எத்தனை கிலோமீட்டர் என்று அப்போது தெரிந்திருக்கும். புது ஜோடி மாட்டியதும், காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன்னரே அலைன்மென்ட் பார்த்துவிட்டு, ஆறு இடத்திலும் அளந்து, கிலோமீட்டரோடு எழுதிக்கொள்ளுங்கள்.